குருதி மூலக்கலங்கள் எங்கே தோன்றுகின்றன, உடலை எப்படித் திருத்துகின்றன?

நிலாவெளியிலிருந்து உயர்தர உயிரியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு அண்மையில் மாரடைப்பு வந்து, மருந்துகளோடு வீடு திரும்பியிருக்கிறார். வெளிநாட்டுச் சிகிச்சைக்கு ஆள் சேர்த்துவிடும் ஒருவர், என்பு மச்சையிலிருந்து, அதாவது எலும்புக்குள் இருக்கும் மென்மையான இழையத்திலிருந்து, எடுத்த ஸ்டெம் செல்களை, அதாவது மூலக்கலங்களை, இதயத்தில் ஏற்றினால் அவை இதயத் தசையாக மாறிவிடும் என்று சொல்லிப் பல இலட்சம் ரூபாய் கேட்கிறாராம். அக்கா கருவுற்றிருப்பதால், பிறக்கப்போகும் பிள்ளையின் தொப்புள்கொடிக் குருதியையும் பணம் கட்டிச் சேமித்து வைக்கச் சொல்கிறாராம். குருதி மூலக்கலங்கள் உண்மையில் எப்படி உருவாகின்றன, காயப்பட்ட உறுப்பை அவை திருத்துகின்றனவா என்பதே தம்பியின் கேள்வி.

திருகோணமலையில் குருதி ஆய்வுகூடத்தில் நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற முறையில், விடையின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குருதி மூலக்கலங்கள் உடலைத் திருத்துகின்றன. அவையில்லாமல் ஒரு சிறு வெட்டுக்காயம்கூட ஆறாது. ஆனால் அவை இதயமாகவோ நரம்பாகவோ ஈரலாகவோ மாறி அந்த வேலையைச் செய்வதில்லை. தம்முடைய வாரிசுகளான சிறுதட்டுக்கள், வெண்கலங்கள், செங்கலங்கள் ஆகியவற்றைக் காயம்பட்ட இடத்துக்கு அனுப்பியே செய்கின்றன. உங்களிடம் பணம் கேட்பவர் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுகிறார். இரண்டும் ஏன் வேறு என்பதை விளங்கிக்கொள்ள, இந்தக் கலங்கள் பிறக்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கருத்தரித்த மூன்றாம் வாரத்திலேயே முளையத்தில் குருதி உண்டாகத் தொடங்குகிறது. அந்த முதற்குருதி மூலக்கலங்களிலிருந்து வருவதன்று. முளையத்தோடு ஒட்டியிருக்கும் மஞ்சட்கருப் பையின் சுவரில் குருதித் தீவுகள் தோன்றி, கருவோடு கூடிய பெரிய செங்கலங்களை உண்டாக்குகின்றன. ஏறத்தாழ 22ஆம் நாளில் துடிக்கத் தொடங்கும் இதயம் முதன்முதலில் செலுத்துவது இந்தக் குருதியைத்தான். அதே பையிலிருந்து சற்றுப் பின்னர் வேறுசில முன்னோடிக் கலங்களும் புறப்பட்டு, உருவாகிக்கொண்டிருக்கும் உறுப்புகளுக்குள் குடியேறுகின்றன. மூளையில் துப்புரவும் காவலும் செய்கின்ற நுண்கிளியாக் கலங்கள் இவ்வாறு வந்து குடியேறியவை என்பதும், பிற்காலத்தில் என்பு மச்சை அவற்றை நிரப்புவதில்லை என்பதும் 2010இல் எலிகளில் காட்டப்பட்டன.

வாழ்நாள் முழுவதும் நிலைக்கின்ற உண்மையான குருதி மூலக்கலங்கள், நான்காம் வாரத்தின் இறுதியிலிருந்து ஐந்தாம் வாரம் வரையான காலத்தில், முளையத்தின் பெருநாடிக்குள் தோன்றுகின்றன. பெருநாடியின் உட்சுவரில் தட்டையாகப் படிந்திருக்கும் அகவணிக் கலங்களுள் சில, வயிற்றுப்புறமாக உள்ள பகுதியில் உருண்டு திரண்டு, பக்கத்துக் கலங்களின் பிடியை விட்டு, குருதியோட்டத்துக்குள் கழன்று விழுகின்றன. நாடியின் சுவராக இருந்த கலமே குருதியின் மூலமாகி விடுகிறது. வரிமீனின் முளையம் கண்ணாடிபோலத் தெளிவானது. அதில் இந்தக் கழன்று விழும் காட்சியை நுணுக்குக்காட்டியின் கீழ் உயிரோடு படம்பிடித்து 2010இல் வெளியிட்டார்கள். ரன்எக்ஸ்1 என்னும் பரம்பரையலகு இல்லாத எலி முளையங்களில் இந்த மாற்றம் நடப்பதில்லை. அவை பிறக்கும் முன்பே இறந்துவிடுகின்றன. இதில் என்னை மிகவும் ஈர்ப்பது இன்னொரு செய்தி: ஓடுகின்ற குருதி நாடியின் சுவரை உரசும் விசையே இந்தக் கலங்களின் பிறப்பைத் தூண்டுகிறது. இதயத்துடிப்பு இல்லாதபடி செய்யப்பட்ட மீன் முளையங்களில் மூலக்கலங்கள் குறைந்தே தோன்றின என்று 2009இல் கண்டறியப்பட்டது. இதயத்தைக் குருதி மூலக்கலம் உண்டாக்குவதில்லை. இதயத்தின் துடிப்புத்தான் குருதி மூலக்கலம் பிறக்கத் துணைசெய்கிறது.

அங்கு தோன்றுபவை மிகச் சிலவே. அவை ஈரலுக்குப் போய்ச் சேர்ந்து அங்கே பெருகுகின்றன. வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு நெடுங்காலம் குருதித் தொழிற்பாட்டின் தலைமையிடம் ஈரல்தான். பதினோராம் வாரமளவில் எலும்புகளுக்குள் மச்சை உருவாகத் தொடங்குகிறது. கடைசி மாதங்களில் பொறுப்பு அதன் கைக்கு மாறுகிறது. மூலக்கலங்கள் குருதியோட்டத்தின் வழியாகவே ஈரலிலிருந்து எலும்புக்கு இடம்பெயர்வதால், பிறக்கும் நேரத்தில் பிள்ளையின் குருதியிலும், ஆகவே தொப்புள்கொடியிலும், அவை வளர்ந்தவர்களின் குருதியில் இருப்பதைவிட மிக அதிகமாக இருக்கின்றன. தொப்புள்கொடிக் குருதிக்கு மதிப்பு வந்தது இதனால்தான். பிறந்த பிள்ளையின் எலும்புகள் அனைத்திலும் செம்மச்சை இருக்கும். வளர வளர கைகால் எலும்புகளில் அது கொழுப்பு நிறைந்த மஞ்சள் மச்சையாகி, இடுப்பெலும்பு, முள்ளந்தண்டு, மார்பெலும்பு, விலா, மண்டையோடு போன்றவற்றில் மட்டும் எஞ்சும். மச்சைப் பரிசோதனைக்கு மருத்துவர் இடுப்பின் பின்புறத்தில் ஊசி போடுவது அதற்காகவே.

மச்சைக்குள் வந்து சேர்ந்த மூலக்கலம் பெரும்பாலும் வேலை செய்வதில்லை. தம்பலகாமத்தில் வயல் செய்பவர்கள் விளைந்ததையெல்லாம் குற்றிவிடாமல் விதைநெல்லைத் தனியாகக் கட்டி வைப்பதுபோல, உடல் இந்தக் கலங்களை உறக்கநிலையில் வைத்துக் காக்கிறது. அன்றாட உற்பத்தியைச் செய்பவை அவற்றிலிருந்து பிரிந்துவந்த முன்னோடிக் கலங்கள். மூலக்கலம் எப்போதாவது ஒருமுறை பிரிந்து, ஒரு பங்கைத் தன்னைப் போலவே வைத்துக்கொண்டு, மறுபங்கை முன்னோடியாக அனுப்புகிறது. ஒவ்வொரு பிரிவிலும் டிஎன்ஏயில் பிழை நேர இடமுண்டு; அடிக்கடி பிரிந்தால் இருப்பும் தீர்ந்துவிடும். இந்த உறக்கத்தைப் பேணுவது மச்சையின் சூழல். நுண்ணிய குருதிக்கலன்களின் சுவரை ஒட்டிய இழையக் கலங்கள் சுரக்கும் புரதங்கள் மூலக்கலத்தை இடத்தில் பிடித்து வைக்கின்றன; உயிரோடு தாங்கவும் செய்கின்றன. இப்படியொரு காப்பிடம் இருக்க வேண்டும் என்ற கருத்தை ரேமண்ட் ஸ்கோஃபீல்ட் 1978இல் முன்வைத்தார். மூலக்கலம் என்ற ஒன்று உண்டென்று அதற்கு முன்னரே சோதனையில் நிறுவியவர்கள் ரொறன்ரோவைச் சேர்ந்த ஜேம்ஸ் ரில், ஏர்னஸ்ற் மக்கலொக் ஆகிய இருவர். கதிர்வீச்சால் மச்சை அழிக்கப்பட்ட எலிகளுக்கு வேறு எலியின் மச்சைக் கலங்களை ஏற்றியபோது மண்ணீரலில் சிறுசிறு முடிச்சுகள் தோன்றியதை 1961இல் அவர்கள் எழுதினார்கள். ஒவ்வொரு முடிச்சும் ஒரேயொரு கலத்தின் வாரிசு என்பது 1963இல் உறுதியானது.

வளர்ந்த ஒருவரின் குருதிக்கு ஒரே காலத்தில் பங்களிக்கும் மூலக்கலங்கள் ஏறத்தாழ 50,000 முதல் 200,000 வரை இருக்கலாம் என்று 2018இல் மரபணு மாற்றங்களை வைத்துக் கணித்தார்கள். அந்தச் சிறு கூட்டத்தின் வாரிசுகளாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடி செங்கலங்கள் புதிதாக வருகின்றன. ஒரு வினாடிக்கு இருபது இலட்சத்துக்கும் மேல். செங்கலம் 120 நாள் வாழும். சிறுதட்டு ஏழு முதல் பத்து நாள். நியூட்ரோபில் என்னும் வெண்கலம் குருதியில் ஒரு நாளளவே.

எதை எவ்வளவு செய்ய வேண்டும் என்ற கட்டளை உடலின் வேறு உறுப்புகளிலிருந்து வருகிறது. ஒட்சிசன் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்னும் ஓமோனைச் சுரந்து செங்கல உற்பத்தியைக் கூட்டுகிறது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்குக் குருதிச்சோகை வருவதும், அவர்களில் பலருக்கு அந்த ஓமோனையே ஊசியாகப் போடுவதும் இதனாலேதான். சிறுதட்டுக்களுக்கான கட்டளையை ஈரல் சுரக்கும் திரொம்போபொயட்டின் தருகிறது. அது மூலக்கலங்களையும் பேணுகிறது.

இந்தக் கட்டளை நிறைவேறுவதைக் கண்ணால் காணலாம். டெங்குக் காலத்தில் எங்கள் ஊர் ஆய்வுகூடங்களில் ஊதா மூடிக் குழாய்கள் வரிசையாக வந்து சேரும். ஒரு துளிக் குருதியைக் கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் இட்டு, இன்னொரு தகட்டைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் மெல்லிய படலமாக்கி, உலரவிட்டு, லீஷ்மன் சாயமிட்டு, எண்ணெய் வில்லையின் கீழ் வைப்போம். நோய் கடுமையான நாட்களில் ஒரு பார்வைப்புலத்தில் சிறுதட்டு ஒன்றோ இரண்டோதான் தெரியும். சில புலங்களில் ஒன்றுமே இராது. பிறகு ஒரு நாள், எண்ணிக்கை இன்னும் தாழ்ந்திருக்கும்போதே, வழக்கத்தைவிடப் பெரிய, ஊதாத் துகள்கள் நிறைந்த சிறுதட்டுக்கள் ஆங்காங்கே தென்படும். அவை மச்சையிலிருந்து புதிதாக வந்தவை. அதன்பின் வரும் அறிக்கைகளில் எண்ணிக்கை ஏறத் தொடங்குவதே வழக்கம். வைரசால் சில நாள் அடங்கியிருந்த மச்சை மறுபடி எழுந்துவிட்டது என்பதை அந்தப் பெரிய சிறுதட்டுக்கள் அறிவிக்கின்றன. மலேரியாக் காலத்தில் படலம் பார்த்துப் பழகிய மூத்தவர்கள் இயந்திரத்தின் எண்ணை மட்டும் நம்பாமல் தகட்டைப் பார்க்கச் சொல்லித் தந்ததன் அருமை அங்கேதான் தெரியும்.

இனி இழையங்களைத் திருத்தும் வேலைக்கு வருவோம். கரைவலை இழுக்கும் ஒருவருக்குக் காலில் திருக்கை முள் ஏறியதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சேர்பவை சிறுதட்டுக்கள். அவை ஒன்றோடொன்று ஒட்டிக் குருதியை நிறுத்துவதோடு, தம்முள் சுமந்துவந்த வளர்ச்சிக் காரணிகளை அந்த இடத்தில் கொட்டுகின்றன. சில மணித்தியாலங்களில் நியூட்ரோபில்கள் நாளச் சுவரைத் துளைத்து வெளியேறிக் கிருமிகளைக் கொல்லுகின்றன. சீழாக நாம் காண்பதில் பெரும்பகுதி செத்த நியூட்ரோபில்களே. இரண்டாம் மூன்றாம் நாளில் மொனோசைற்றுகள் என்னும் வேறுவகை வெண்கலங்கள் வந்து, இழையத்துக்குள் பெருவிழுங்கிக் கலங்களாக முதிர்கின்றன. காயம் ஆறுவதா இழுபடுவதா என்பது பெரும்பாலும் இவற்றின் கையில் இருக்கிறது. தொடக்கத்தில் இவை அழற்சியை மூட்டுகின்றன. அழிந்த இழையத்தையும் செத்த நியூட்ரோபில்களையும் விழுங்குகின்றன. விழுங்கியதன் விளைவாகவே இவற்றின் போக்கு மாறுகிறது: அழற்சிச் சமிக்ஞைகளை அடக்கி, புதிய குருதிக் குழாய்களை வளரச்செய்யும் காரணிகளையும், நார்க்கலங்களை அழைத்துக் கொலாஜன் நெய்யச் சொல்லும் காரணிகளையும் சுரக்கத் தொடங்குகின்றன. காயத்தின் அடியில் சிவந்த, தொட்டால் குருதி கசியும் புது இழையம் எழும் காலம் அதுதான். தோலை மூடுபவை தோலின் சொந்த மூலக்கலங்கள். நார் நெய்பவை அவ்விடத்து நார்க்கலங்கள். மச்சையிலிருந்து வந்தவை வேலையைத் தொடங்கி, நடத்தி, நேரம் வந்ததும் நிறுத்துகின்றன. அப்படியும் வடுவின் வலிமை, முழுதாக முதிர்ந்த பிறகும், காயப்படாத தோலின் 80 சதவீதமளவில்தான் நின்றுவிடும்.

நீரிழிவுள்ள ஒருவருக்கு இதே முள் ஏறினால் கதை வேறு. அவருடைய பெருவிழுங்கிக் கலங்கள் அழற்சி நிலையிலேயே தேங்கிவிடுகின்றன. திருத்தும் நிலைக்கு மாறுவது தாமதமாகிறது. நீடித்த உயர் சர்க்கரை மச்சையின் சூழலையும் கெடுப்பதால், அங்கிருந்து புறப்படும் கலங்களே மாறுபட்ட இயல்போடு வருகின்றன. குருதியோட்டக் குறைவும் உணர்விழப்பும் சேரும்போது, சிறு புண்ணாகத் தொடங்கியது விரலை எடுக்கும் நிலைக்குப் போகிறது. வெறுங்காலோடு கடற்கரையில் தொழில் செய்யும் நம்மவர்களில் இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் பொறுப்பதில்லை. மூலக்கலச் சிகிச்சை என்று எங்கோ தேடுமுன், சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதே அவர்களுடைய சொந்த மூலக்கலங்களுக்குச் செய்யக்கூடிய முதல் உதவி.

குருதி மூலக்கலத்தின் வாரிசு ஒரு திண்ம இழையத்தின் நிரந்தரப் பணியாளாக இருக்கும் இடமும் உண்டு. எலும்பை அரித்துச் செதுக்கும் என்புடைப்புக் கலங்கள் மொனோசைற்றுகளின் வழியில் வந்தவை. முறிந்த எலும்பு பொருந்தும்போது முதலில் தடித்துக் கட்டும் புதிய எலும்பைப் பழைய வடிவுக்குச் செதுக்குபவை இவையே. இவை வேலைசெய்யாத பிள்ளைகளுக்கு எலும்பு கல்போல இறுகி மச்சைக்கே இடமில்லாமற் போகும் பிறவி நோய் வருகிறது. மச்சை மாற்றினால் எலும்பே சீராகும் என்பது 1980இல் ஒரு குழந்தையில் நிறுவப்பட்டது.

இப்போது உங்கள் அப்பாவின் இதயம். 2001இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வு, எலியின் பழுதடைந்த இதயத்தில் மச்சைக் கலங்களைச் செலுத்தினால் புதிய இதயத் தசை உருவாகிறது என்று அறிவித்தது. உலகெங்கும் நோயாளிகளில் முயற்சிகள் விரைவில் தொடங்கின. ஆனால் 2004இல் இரண்டு தனித்தனி ஆய்வுக்குழுக்கள், வாரிசுகளை மரபணு அடையாளத்தால் துல்லியமாகப் பின்தொடர்ந்து பார்த்து, குருதி மூலக்கலங்கள் இதயத் தசையாக மாறவில்லை, குருதிக் கலங்களாகவே இருந்தன என்று காட்டின. வேறு உறுப்புகளில் மாற்றம்போலத் தெரிந்தவற்றில் பல, மச்சைக் கலமும் உறுப்பின் கலமும் ஒன்றாக இணைந்ததால் வந்த தோற்றம் என்பதும் வெளிவந்தது. 2001 ஆய்வின் மூத்த ஆசிரியரது ஆய்வுகூடத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளை, அவற்றில் புனையப்பட்ட அல்லது திரிக்கப்பட்ட தரவுகள் இருப்பதாகச் சொல்லி விலக்கிக்கொள்ளுமாறு, 2018இல் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளி இதழ்களைக் கேட்டது. நோயாளிகளில் நடந்தவற்றுள் பெரிதாகத் திட்டமிடப்பட்ட ஐரோப்பிய ஆய்வு, 3,000 பேரைச் சேர்க்க எண்ணி 375 பேரோடு முடிந்தது. உயிர் காக்கும் பயன் உண்டென்று அதனால் காட்ட முடியவில்லை. 2020இல் வெளியான எலி ஆய்வொன்று இன்னும் தெளிவாகச் சொன்னது: இதயத்தில் உயிருள்ள மூலக்கலங்களைச் செலுத்தினாலும், உறையவைத்துக் கொன்ற கலங்களைச் செலுத்தினாலும், கிடைத்த சிறு முன்னேற்றம் ஒன்றே. இரண்டும் பெருவிழுங்கிக் கலங்களை அழைத்து வடுவின் தன்மையை மாற்றின, அவ்வளவுதான்.

இதயத் தசைக் கலங்கள் தாமே புதுப்பிக்கப்படுவதும் மிகக் குறைவு. அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் கலந்த காபன்-14ஐ வைத்து 2009இல் அளந்தபோது, 25 வயதில் ஆண்டுக்கு ஒரு சதவீதமளவும், 75 வயதில் அதன் பாதியிலும் குறைவாகவுமே புதிய கலங்கள் வருவது தெரிந்தது. ஆகவே மாரடைப்பில் இறந்த தசையின் இடத்தில் வடு வருகிறது. அந்த வடுவை உறுதியாகக் கட்டுவதில்தான் உங்கள் அப்பாவின் மச்சை ஏற்கெனவே தன் பங்கைச் செய்துவிட்டது: முதல் நாளில் நியூட்ரோபில்கள், முதல் வாரத்தில் இறந்த தசையை அகற்றிய பெருவிழுங்கிக் கலங்கள், அவற்றின் அழைப்பில் வந்த நார்க்கலங்கள். வடு முதிர ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். மருத்துவர் தந்த குறைந்த அளவு அஸ்பிரினையும் மற்ற மருந்துகளையும் விடாமல் எடுக்க வேண்டும். அவரைக் கேளாமல் வேறு வலிமாத்திரைகளோ ஸ்டீரொயிட் மாத்திரைகளோ கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது. அடுத்த கிளினிக்கில் எக்கோப் பரிசோதனையில் இதயம் குருதியை வெளியேற்றும் வீதம் எவ்வளவு என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணம் கேட்பவரிடம், ஏற்றப்படும் கலம் குருதி மூலக்கலமா அல்லது எலும்பு, கசியிழையம், கொழுப்பு ஆகியவற்றுக்கு மூலமான வேறு மச்சைக் கலமா என்று கேளுங்கள். இரண்டும் ஒரே மச்சையில் இருந்தாலும் வெவ்வேறு வழியில் வந்தவை. அவருக்கு அந்த வேறுபாடு தெரியாவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். என் கருத்தைக் கேட்டால், அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

குருதி மூலக்கலச் சிகிச்சை பொய்யென்று இதற்குப் பொருளல்ல. குருதியின் நோய்களுக்கு அது உண்மையான மருந்து. அமெரிக்க மருத்துவர் டொனல் தோமஸ் 1957இலேயே மச்சை மாற்றச் சிகிச்சையைத் தொடங்கி, 1990இல் அதற்காக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கொடையாளரின் மூலக்கலங்களை வெறும் நாளத்தில்தான் ஏற்றுகிறார்கள். அவை தாமே மச்சையைத் தேடிப்போய்க் குடியேறி, இரண்டு முதல் நான்கு வாரங்களில் புதிய வெண்கலங்களைத் தரத் தொடங்குகின்றன. குருதிப்புற்று, மச்சை வற்றும் நோய், ஈமோகுளோபின் சரிவர உருவாகாத பரம்பரை நோயான தலசீமியா ஆகியவற்றில் இது உயிர் காக்கிறது. கொடையாளரைப் பொருத்திப் பார்க்க உதவும் எச்எல்ஏ என்னும் இழைய அடையாளம் உடன்பிறந்த ஒருவருடையதோடு முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. தலசீமியாவில் நோயாளியின் சொந்த மூலக்கலங்களை எடுத்து, தாய் வயிற்றில் இருந்த காலத்து ஈமோகுளோபினை மறுபடி உண்டாக்குமாறு அவற்றின் மரபணுவைத் திருத்தித் திருப்பி ஏற்றும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரித்தானியா முதன்முதலில் அனுமதி கொடுத்தது. அதன் விலை இன்று நம் எவருடைய கைக்கும் எட்டாதது.

அக்காவின் பிள்ளைக்குத் தொப்புள்கொடிக் குருதியைத் தனியாரிடம் சேமிப்பது பற்றி. அந்தக் குருதியால் 1988இல் பாரிசில் ஒரு சிறுவன் பிறவி மச்சை நோயிலிருந்து மீண்டான். ஆனால் அவனுக்குக் கிடைத்தது தங்கையின் குருதி, தன்னுடையதல்ல. பிள்ளைக்குப் பிறவியிலேயே மரபணுக் குறை இருந்தால் அவனுடைய கொடிக் குருதியிலும் அதே குறைதான் இருக்கும். ஆகையால் தனக்கென்று சேமித்தது அந்த நோய்க்கு உதவாது. மூத்த பிள்ளை ஒன்றுக்கு ஏற்கெனவே தலசீமியா போன்ற நோய் உள்ள குடும்பத்தில் சேமிப்பதற்கு நியாயமுண்டு. அவ்வாறில்லாத உங்கள் வீட்டில், இப்போதே செய்யவேண்டியது வேறு: அக்காவும் அத்தானும் தலசீமியாக் காவிகளா, அதாவது தமக்கு நோயில்லாமலே அதன் மரபணுக் குறையைச் சுமப்பவர்களா, என்று தெரியாவிட்டால் இருவரும் குருதிப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். முழுக் குருதி எண்ணிக்கை அறிக்கையில் செங்கலங்களின் பருமன் குறைந்திருந்தால், இரும்புக் குறைபாடு என்று தாமே முடிவுகட்டாமல், ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்தறியும் சோதனை தேவையா என்று கிளினிக் மருத்துவரிடம் கேட்க வேண்டும். இருவரும் காவிகளாக இருந்தால் மட்டுமே பிள்ளைக்கு நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. ஒருவர் மட்டும் காவியென்றால் பிள்ளைக்குக் கடும் தலசீமியா வராது.